பதினான்காவது கேள்வி

டாக்டர் மங்கையர்க்கரசி இருபத்திரண்டு வருடங்களில் ஏறத்தாழ முப்பதாயிரம் பேரை மயக்கத்தில் ஆழ்த்தியிருக்கிறாள். அவர்களில் ஒருவர் மீதும் அவளுக்குப் பொறாமை வந்ததில்லை. மயங்கிக் கிடப்பவரிடம் பொறாமைப்பட என்ன இருக்கிறது? வாய் பிளந்திருக்கும், எச்சில் வழியும், தொண்டை வழியாக ஒரு கறுப்புக் குழாய் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கும். ஆனால் அந்தப் புதன்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, சொந்தப் புருஷன் மயக்கம் தெளிந்து ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார். அப்போது வந்த பொறாமை வந்தபடியே நெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

அந்தப் பெயர் மோகனா.

அந்தப் பெயரிடம் போவதற்கு முன் மருந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அரசி வேலை பார்ப்பது திருச்சியில் ஒரு குடல்நோய் மருத்துவமனையில். அங்கே எண்டோஸ்கோப்பி அறையில் இப்போதெல்லாம் மனிதர்கள் குறைவு. குழாயைச் செலுத்துவது இயந்திரக் கை. டாக்டர் வரதன் கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்து திரையைப் பார்த்தபடி அதை ஓட்டுவார். அறைக்குள் இருப்பது மூன்றே பேர். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருக்கும் நோயாளி, தலைமாட்டில் மயக்க மருந்தோடும் மானிட்டரோடும் நிற்கும் அரசி, நோயாளி புரண்டுவிடாமல் முதுகுப் பக்கம் நின்று தோளைப் பிடித்துக்கொள்ளும் ஆயா. அவ்வளவுதான்.

இரண்டு வருடங்களாக அங்கே ஒரு ஒப்பீட்டு ஆய்வு நடந்துகொண்டிருந்தது. வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பழைய மருந்தான புரொபோஃபால், மீதிப் பேருக்கு நெலுமின் என்ற புதிய மருந்து. இரண்டும் பால் போல வெள்ளை. ஊசிக்குழலில் எண் மட்டும் ஒட்டியிருக்கும். யாருக்கு எது போகிறது என்று போடுகிறவளுக்கும் தெரியாது, போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது. ஏதாவது விபரீதம் என்றால் பிரித்துப் பார்க்க, ஒவ்வொரு எண்ணுக்கும் அரக்கு வைத்த உறை ஒன்று அலமாரியில் இருக்கும். நல்ல வேளையாக ஒன்றைக்கூடப் பிரிக்க நேர்ந்ததில்லை.

கண் விழித்ததும் படுக்கையருகே இருக்கும் திரை பதினான்கு கேள்விகள் கேட்கும். வலித்ததா, குமட்டியதா, குளிர்ந்ததா என்று சாதாரணக் கேள்விகள். பதினான்காவது மட்டும் கொஞ்சம் விசித்திரமானது: ‘மயக்கத்தின்போது உங்களுடன் யாராவது இருந்ததாக உணர்ந்தீர்களா? யார்?’ கம்பெனிக்காரர்கள் எதற்காக அதைச் சேர்த்தார்களோ, அதுதான் ஊரையே புரட்டிப் போட்டது. பாதிப் பேர் ‘யாருமில்லை’ என்றார்கள். மீதிப் பேர், ‘எங்கம்மா கையைப் புடிச்சுக்கிட்டே இருந்தாங்க’, ‘செத்துப்போன அண்ணன் வந்தான்’, ‘சமயபுரத்தாளே வந்து நின்னா’ என்று நிம்மதியாகச் சொன்னார்கள். நெலுமினுக்குத் ‘துணை மருந்து’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

பிறகு ஆரம்பித்தது தலைவலி. ஒருநாள் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நாச்சியப்பன் என்பவர் அரசியின் அறைக்கு வந்து உட்கார்ந்தார்.

“மேடம், என் சம்சாரம் பதினாலாவது கேள்விக்கு என்ன சொன்னா?”

“அது ரகசியம் சார். அவங்ககிட்டயே கேளுங்க.”

“ஞாபகம் இல்லைங்கிறா.”

“இருக்காது. அரை மணி நேரத்துல எல்லாம் அழிஞ்சிடும். அதனாலதான் முழிச்ச கையோட கேக்குறோம்.”

“அப்ப அவ அதுல சொன்னது நிஜமா, உளறலா?”

“இந்த மருந்து உளற வைக்காது சார். பயத்தை எடுத்துடும். பயம் காலி பண்ணுன எடத்துல, மனசு யாரை நம்புதோ அவங்க வந்து உக்காந்துக்கிறாங்க. அவ்வளவுதான்.”

இந்தக் கடைசி வாக்கியம் அரசிக்கே பிடித்துப்போனது. ஒரு தொலைக்காட்சிப் பேட்டியிலும் அதையே சொன்னாள். அதற்குப் பிறகு வயிற்று வலியே இல்லாத மனைவிகளைக் கணவன்மார்கள் ஸ்கோப்புக்கு அழைத்துவர ஆரம்பித்தார்கள். மருமகளின் பதிலைக் கேட்டு ஒரு மாமியார் வரவேற்பறையில் சத்தம் போட்டாள். நிச்சயம் செய்த பெண்ணை அனுப்பச் சொல்லி மாப்பிள்ளை வீட்டார் கேட்டதாகக்கூட ஒரு கதை. அரசி இதையெல்லாம் கேட்டு உதட்டைச் சுழிப்பாள். படிக்காத ஜனங்கள் என்பாள். நாச்சியப்பன் கணிதத்தில் முதுகலை படித்தவர் என்பதைச் சௌகரியமாக மறந்துவிடுவாள்.

அவள் கணவர் கருணாகரன் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். இருபத்தாறு வருடம் வருகைப் பதிவேடு வாசித்த பழக்கமோ என்னவோ, எதிரே வருகிற எவரையும் பேர் கேட்காமல் விடமாட்டார். ஆட்டோக்காரர், பூ விற்கிறவர், கேஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவர் எல்லோரிடமும் பேர், ஊர், எத்தனை பிள்ளைகள். பத்து நிமிடத்தில் மறந்தும்விடுவார். “எதுக்குக் கேக்குறீங்க, சென்செஸ் எடுக்கவா?” என்று அரசி கேட்டால் சிரிப்பார். அவருக்குப் பல மாதங்களாக நெஞ்செரிச்சல். “ஒரு ஸ்கோப் பாத்துரு அரசி” என்று அவரும் சொல்லிக்கொண்டேயிருந்தார். வீட்டில் அவள் அவர் கையைப் பிடிப்பது நாடி பார்க்க மட்டுந்தான். அவள் கை நீண்டால் அவரும் பழக்கத்தில் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டிவிட்டு, “எவ்வளவு?” என்பார். அவள் ஒரு எண்ணைச் சொல்வாள்.

ஆய்வுக்கு இருநூற்று நாற்பது பேர் தேவை. இருநூற்று முப்பத்தொன்பது முடிந்து, கெடு முடிய இரண்டு நாள் இருந்தபோது அரசி கணவரைக் கூப்பிட்டாள். ஆய்வு செய்கிறவரின் உறவினரைச் சேர்க்கக் கூடாது என்பது எழுதி வைத்த விதி. படிவத்தில் ‘உறவு’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று நிரப்பினாள். கெடுவுக்காகச் செய்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய். இருநூற்று முப்பத்தொன்பது பேரில் பாதிப் பேர் யார் யார் பெயரையோ சொல்லக் கேட்டவள் அவள். ஒரே ஒரு தடவை, ஒரே ஒருவர் வாயிலிருந்து தன் பெயர் வரவேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

புதன்கிழமை ஆயா அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். வாசலிலேயே நிறுத்திவைத்து அவளிடமும் அவர் ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தார்.

“பேச்சைக் கொறைங்க. தொண்டை மரத்துப்போக ஸ்ப்ரே அடிச்சிருக்கு” என்றாள் அரசி.

“சரிங்க டாக்டர்” என்று பவ்யமாகச் சொல்லிவிட்டுக் கண்ணடித்தார்.

இருநூற்று நாற்பதாம் எண் ஊசியை அவளே போட்டாள். நாற்பது நொடியில் அவர் கண் செருகியது. இயந்திரக் கை குழாயை இறக்கத் தொடங்கியது. இரண்டாவது நிமிடத்தில் அவருடைய வலது கை மெத்தையை விட்டு எழும்பியது. விரலில் மாட்டியிருந்த ஆக்சிஜன் கிளிப் ஆடி, மானிட்டர் கத்தியது. அரசி கையை எடுத்து மெத்தையில் வைத்தாள், கிளிப்பைச் சரிசெய்தாள். மறுபடி எழும்பியது, மறுபடி வைத்தாள். மூன்றாவது தடவையும் அப்படியே. அதற்குப் பிறகு தொந்தரவு இல்லை; கோடு சீராக ஓடியது. குறிப்பேட்டில் எழுதினாள்: ‘கை அசைவு மூன்று முறை. சரிசெய்யப்பட்டது.’ மொத்தம் பதினொரு நிமிடம். இரைப்பையில் லேசான புண், பயப்பட ஒன்றுமில்லை.

தெளிவறையில் அவர் கண் விழித்தபோது அரசி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். முன்நெற்றி மயிரைச் சரிசெய்துகொண்டு நின்றாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். திரை ஒவ்வொன்றாகக் கேட்டது. வலி இல்லை, குமட்டல் இல்லை. பதினான்காவது கேள்வி வந்தது.

“இருந்தாங்களே” என்றார் கருணாகரன். குழந்தை தூங்கி எழுந்த முகம். “கையைப் புடிச்சுக்கிட்டே இருந்தாங்க. விடவே இல்லை.”

‘யார்?’ என்றது திரை.

“மோகனா.”

திரை ‘நன்றி’ என்று சொல்லி அணைந்தது. அரசி அணையாமல் நின்றாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் காரில் வைத்துக் கேட்டாள். “மோகனா யாருங்க?”

“எந்த மோகனா?”

“உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியலையே. ஏன், உங்க ஆஸ்பத்திரி பேஷண்ட்டா?”

அவருக்கு ஞாபகம் இருக்காது என்று உலகத்துக்கே விளக்கிச் சொன்னவள் அவள்தான். இருந்தாலும் அந்த ‘எந்த மோகனா’வில் ஒரு கள்ளம் இருந்ததாக அவளுக்குப் பட்டது. வேண்டுமென்றே அப்பாவியாக முகத்தை வைத்துக்கொள்கிறார் என்று தோன்றியது. அன்றைக்கு அவருக்குத் தயிர்சாதம் பிசைந்து வைத்தாள். உப்புப் போட மறந்தாள் என்பது அவள் சொல்லும் கதை.

மறுநாள் காலை முதல் வேலையாக அலமாரியைத் திறந்தாள். பழைய மருந்தாக இருந்துவிட்டால் அந்தப் பெயருக்கு ஒரு மதிப்பும் இல்லை, ஏதோ அரைக்கனவு என்று தள்ளிவிடலாம். இருநூற்று நாற்பதாம் உறையின் அரக்கை நகத்தால் உடைத்தாள். விபரீதம் நேர்ந்தால் மட்டும் உடைக்க வேண்டிய அரக்கு. உள்ளே ஒரு சொல்தான் இருந்தது: நெலுமின்.

மனசு யாரை நம்புதோ அவங்க வந்து உக்காந்துக்கிறாங்க. அழகாகச் சொன்ன வாக்கியம் திரும்பி வந்து அவள் கன்னத்தில் அறைந்தது. உறையை அப்படியே ஒட்டி உள்ளே வைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பு வரும், பட்டவளுக்கு வரவில்லை. தென்னூரில் ‘மோகனா தையலகம்’ என்று ஒரு பலகை தினமும் அவள் கார் போகிற வழியில்தான் இருந்தது, அதுவரை கண்ணில் பட்டதில்லை. இப்போது அந்த இடம் வந்தால் கார் தானாகவே மெதுவாகப் போனது. உள்ளே தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவர் ஒரு மீசைக்காரர் என்று தெரிந்த பிறகும் பார்த்தாள். நோயாளிகள் பட்டியலில் மோகனா என்று யாராவது வந்தால் வயதைப் பார்த்தாள். வீட்டில் அவர் கைபேசி மணி அடித்தால் இவள் காது நீண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் முடிவெட்டிக்கொள்ளப் போன நேரத்தில் பீரோவின் மேல்தட்டைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்தாள். பழைய காலத்துக் காகிதப் புகைப்படங்கள் ஒரு கட்டு இருந்தன. அதில் ஒன்று, புதுக்கோட்டைப் பள்ளியின் ஆசிரியர் குழு. அவர் சேர்ந்த புதிதில் எடுத்தது. பின்பக்கம் பெயர்கள். இரண்டாவது வரிசை, இடமிருந்து நான்காவது: செல்வி மோகனா, வேதியியல்.

படத்தைத் திருப்பினாள். ஒற்றைப் பின்னல், நீளக் கழுத்து, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற உதடு. பக்கத்தில் ஐந்தாவதாக, அரும்பு மீசையோடு கருணாகரன். அந்தப் பெண் அவ்வளவு ஒன்றும் அழகில்லை என்று பத்து நிமிடம் பார்த்து முடிவு செய்தாள். பிறகு இன்னும் பத்து நிமிடம் பார்த்தாள்.

முடி வெட்டிக்கொண்டு வந்தவர் முன்னால் படத்தைப் போட்டாள்.

“இது யாரு?”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். “அட, எங்கேர்ந்து எடுத்த? இது நான், இது ஹெட்மாஸ்டர், இது…”

“உங்க பக்கத்துல.”

“மோகனா டீச்சர். ஒரு வருஷம் இருந்தாங்க, அப்புறம் கல்யாணமாகி சேலம் போயிட்டாங்க. ஏன்?”

“அன்னிக்குக் கேட்டப்ப எந்த மோகனான்னீங்க.”

“எனக்கு எப்படி ஞாபகம் வரும்? இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு.”

“உங்களுக்கு வராது. உள்ள இருக்கிறதுக்கு வந்துச்சு.” பதினான்காவது கேள்வியையும் அவர் சொன்ன பதிலையும் சொன்னாள்.

கருணாகரன் முதலில் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்றதும் விளக்கினார். அந்த அம்மாவோடு மொத்தம் பத்து வார்த்தை பேசியிருப்பேன், அதுவும் சாக்பீஸ் கேட்டு என்றார். பிறகு முகம் மாறியது.

“அரசி, நான் சொல்றதை நம்புவியா, அந்த மருந்து சொல்றதை நம்புவியா?”

“மருந்துக்குப் பொய் சொல்லத் தெரியாது.”

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு பையில் இரண்டு சட்டையையும் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, லால்குடியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். நான்கு நாளில் திரும்பி வருவார் என்று நினைத்தாள். இரண்டு வாரம் ஆகியும் வரவில்லை. தினமும் காலையில் ‘மாத்திரை போட்டுட்டேன்’ என்று ஒரு செய்தி மட்டும் வரும். வயிற்றுப் புண் மாத்திரை. அவள் பதில் போடவில்லை. சேலத்தில் மோகனா என்ற பெயரில் வேதியியல் ஆசிரியைகள் எத்தனை பேர் என்று தேடினாள். மூன்று பேர். மூவரையும் வெறுத்தாள்.

இதற்கிடையே ஆய்வின் முதல் கட்டம் முடிந்து கணக்கெடுத்தார்கள். மூன்று ஊர்களில் ஒரே ஆய்வு நடந்திருந்தது. காணொளிக் கூட்டத்தில் கம்பெனிக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார்: மற்ற இரண்டு ஊர்களில் நெலுமின் போட்டவர்களில் பெரும்பாலோர் விழித்ததும் அழுதிருக்கிறார்கள். பதினான்காவது கேள்விக்கு, ‘யாருமே இல்லை, யாருமே வரலை’ என்று தேம்பியிருக்கிறார்கள். சிலருக்கு அந்த ஏக்கம் வாரக்கணக்கில் போகவில்லையாம். காரணம் நினைவில்லாத ஏக்கம். திருச்சியில் மட்டும் அத்தனை பேரும் நிம்மதி.

“உங்க டெக்னிக் என்ன மேடம்?” என்று கேட்டார்.

“டோஸைப் பொறுமையா ஏத்துறோம்” என்றாள் அரசி. இந்த ஒரு பெருமையாவது மிச்சமிருக்கிறதே என்றிருந்தது அவளுக்கு. இரண்டாம் கட்டத்தைத் திருச்சியிலேயே வைத்துக்கொள்ளலாம், இனி வருகிறவர்கள் எல்லோருக்கும் நெலுமின்தான் என்று முடிவாயிற்று.

முதல் மூன்று வாரமும் நன்றாகத்தான் போயிற்று. நான்காவது வாரம், திங்கட்கிழமை, முதல் நோயாளி ஒரு லாரி டிரைவர். ஆறடி ஆள். கண் விழித்ததும் குமுறிக் குமுறி அழுதார். ‘கூப்பிட்டேன், ஒருத்தரும் வரலை’ என்றார். இரண்டாவது நோயாளியும் அழுதாள். செவ்வாய்க்கிழமை ஆறு பேர். புதன்கிழமை அரசி டோஸைக் குறைத்தாள், வியாழக்கிழமை கூட்டினாள். அழுகை நிற்கவில்லை. மருந்தின் தொகுப்பு எண்ணைச் சரிபார்த்தாள், அறையின் குளிரை மாற்றினாள். எல்லாம் போன வாரம் போலவேதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை நர்ஸ் ஜெசிந்தாவைக் கூப்பிட்டாள். “சிஸ்டர், போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் நம்ம ரூம்ல என்ன மாறியிருக்கு? யோசிச்சுச் சொல்லுங்க.”

“ஒண்ணும் மாறலையே மேடம். அதே சார், அதே நீங்க, அதே மருந்து.”

“ஆயாவைக் காணோமே. வேற பொண்ணு நிக்கிது.”

“ஆமா, மோகனாக்கா லீவு. மகளுக்குப் பிரசவம், மணப்பாறை போயிருக்காங்க. திங்கக்கிழமை வந்துடுவாங்க.”

அரசி கையில் இருந்த பேனாவை மேசையில் வைத்தாள். “யாரு லீவு?”

“மோகனாக்கா. நம்ம ஆயாம்மா.” ஜெசிந்தா அவளைப் பார்த்துக் குழம்பினாள். “உங்களுக்குத் தெரியாதா மேடம்?”

தெரியாது. பதினெட்டு வருடமாக அதே அறையில், ஒரே கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்ற இருவரில் ஒருத்திக்கு மற்றவளின் பெயர் தெரியாது. ‘ஆயா, தோளைப் புடி’, ‘ஆயா, விரிப்பை மாத்து’ என்பதற்கு மேல் அவளுக்கு அது தேவைப்பட்டதில்லை. சேலத்து ஆசிரியைகள் மூவரும் ஒரே நொடியில் நிரபராதிகளானார்கள். சிரிப்பு வந்திருக்க வேண்டும், நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது மறுபடி அதே பொறாமைதான். சேலத்து ஆசிரியையையாவது புரிந்துகொள்ளலாம். மனசு நம்புகிற ஆளாக இந்த ஆயா எப்படி அவருக்குள் போய் உட்கார்ந்தாள்?

திங்கட்கிழமை காலை, முதல் நோயாளி வருவதற்கு முன், விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தவளை அரசி நிறுத்தினாள்.

“மகளுக்கு என்ன குழந்தை?”

ஆயா திகைத்தாள். “பொண்ணும்மா.”

“இந்த நோயாளிங்களுக்கு நீங்க என்ன பண்றீங்க? மறைக்காமச் சொல்லுங்க.” பதினெட்டு வருடத்தில் முதல் ‘நீங்க’.

ஆயாவுக்கு முகம் வெளுத்தது. “தப்பா எடுத்துக்காதீங்க டாக்டரம்மா. தோளைத்தான் புடிக்கச் சொன்னாங்க, தெரியும். ஆனா சில பேருக்கு கை தேடுதும்மா. இருட்டுல சுவிட்சைத் தடவுற மாதிரி காத்துல தடவுறாங்க. விட்டா குழாயை இழுத்துருவாங்க. அதான், அப்படியே துணிக்கடியில என் கையைக் குடுத்துருவேன். கப்புனு புடிச்சுக்குவாங்க. அப்புறம் சத்தமே இல்லாமக் கெடப்பாங்க.”

“எல்லாருக்குமா?”

“இல்லம்மா. மொதல்லல்லாம் பாதிப் பேருதான். மீதிப் பேரு கட்டை மாதிரி கெடப்பாங்க, அவங்களுக்கு எதுவும் வேணாம். இப்பக் கொஞ்ச நாளா எல்லாருக்குமே தேடுது.”

அரக்கு வைத்த இருநூற்று நாற்பது உறைகளின் ரகசியமும் முதல் நாளிலிருந்தே இந்தப் பெண்மணியின் உள்ளங்கையில் இருந்திருக்கிறது. மருந்து துணை கொடுக்கவில்லை; துணைக்கான பசியைத்தான் கிளப்பியது. அப்போது கிடைத்த கைக்கு அவரவர் தங்களுக்கு வேண்டிய பெயரை வைத்துக்கொண்டார்கள், அம்மா என்றும் அண்ணன் என்றும் சமயபுரத்தாள் என்றும்.

“எங்க வீட்டுக்காரரு உங்க பேரைச் சொன்னாரு” என்றாள் அரசி.

ஆயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வாசல்லயே கேட்டுட்டாரும்மா. கேட்டதோட விட்டாரா, மோகனான்னு யாரு வச்சதுன்னாரு. எங்கப்பா சினிமாப் பைத்தியம்னேன். பாவம், நல்ல மனுஷன்.”

“அவர் கையும் தேடுச்சா?”

“தேடுச்சே.” ஆயா விரிப்பின் சுருக்கத்தை நீவினாள். “மொதல்ல உங்க பக்கந்தாம்மா வந்துச்சு. மூணு வாட்டி வந்துச்சு. உங்க கோட்டைத் தொட்டுக்கூடப் பாத்துச்சு. நீங்க மூணு வாட்டியும் எடுத்து மெத்தையில வச்சிட்டீங்க. உங்களுக்கு வேலை இருந்துச்சு. அப்புறந்தான் நான் புடிச்சுக்கிட்டேன். கிளிப்பு நழுவாமத்தான் புடிச்சேன். அதுக்கப்புறம் மிஷின் கத்தல பாருங்க.”

அரசி குறிப்பேட்டைத் தேடிப் போகவில்லை. அந்த வரி மனப்பாடமாக இருந்தது. கை அசைவு மூன்று முறை, சரிசெய்யப்பட்டது. இத்தனை வாரமாக ஊரில் உள்ள மோகனாக்களை எல்லாம் அவள் ஜெயிலில் போட்டிருந்தாள். எந்த இடத்துக்காகப் பொறாமைப்பட்டாளோ, அந்த இடத்தைத் தர அவர் கை முதலில் அவளிடந்தான் நீண்டது. அவள்தான் அதை மூன்று முறையும் நகர்த்தி வைத்திருக்கிறாள். அழுகை வந்தது. ஆயா பார்க்கிறாளே என்றுகூட அடக்க முடியவில்லை.

அன்று மாலைக்குள் அறிக்கை எழுதினாள். உறவை மறைத்துக் கணவரைச் சேர்த்தது, உறையை உடைத்தது, ஆயா நோயாளிகளின் கையைப் பற்றிக்கொண்டது, மூன்றையும் எழுதினாள். கடைசியில், ‘பெரும்பாலான நிம்மதிக்குக் காரணம் திருமதி மோகனா, அறை உதவியாளர்’ என்று பெயரோடு போட்டாள். வரதன் படித்துவிட்டு, “ரெண்டு வருஷ உழைப்பு அரசி” என்றார். கோபம்கூட இல்லாத குரல். இரண்டே நாளில் அவளை ஆய்விலிருந்து நீக்கினார்கள், விசாரணை வைத்தார்கள், துணை மருந்து என்ற விளம்பரத்தை நிறுத்தினார்கள். கம்பெனி மட்டும் சளைக்கவில்லை. நோயாளியின் கையில் மாட்ட, உடல் சூட்டில் இருக்கும் ரப்பர் கையுறை ஒன்று செய்யலாமா, எவ்வளவு அழுத்தத்தில் பிடிக்க வேண்டும் என்று மோகனாவிடம் கேட்டு எழுதச் சொல்லிக் கடிதம் அனுப்பினார்கள். மோகனா அதைக் கேட்டுவிட்டு, “அழுத்தமா, அவங்க எவ்வளவு புடிக்கிறாங்களோ அவ்வளவுதான்” என்றாள்.

சனிக்கிழமை பிற்பகல் அரசி லால்குடி பஸ்ஸில் ஏறினாள். நாத்தனார் கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல் உள்ளே கையைக் காட்டினாள். ஜன்னலோரம் கருணாகரன் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். முகம் இளைத்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். உறையை, சேலத்தை, தையலகத்தை, மணப்பாறையில் பிறந்த பெண் குழந்தையை. தையலகத்து மீசைக்காரர் வந்த இடத்தில் அவர் உதடு லேசாகத் துடித்தது, அடக்கிக்கொண்டார். கோட்டைத் தொட்ட கையைப் பற்றிச் சொன்னபோது சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

“மூணு வாட்டியா?” என்றார்.

“மூணு வாட்டி.”

“எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லை அரசி.”

“தெரியும். உங்களுக்கு இருக்காது. எனக்கு இருக்கு.”

அவர் விடைத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னித்துவிட்டார் என்றும் தெரியவில்லை, இல்லை என்றும் தெரியவில்லை. அரசி கையை நீட்டி அவர் வலது கையைப் பிடித்தாள். பழக்க தோஷம், அவர் மணிக்கட்டைத் திருப்பி நாடிக்கு வாகாகக் காட்டினார். அவள் அதைத் திரும்ப நிமிர்த்தி, விரல்களோடு சேர்த்துப் பற்றிக்கொண்டாள். ஒரு நிமிடம் போயிற்று. இன்னொரு நிமிடமும் போயிற்று.

“எவ்வளவு?” என்று கேட்டார் கருணாகரன்.

“எண்ணலைங்க” என்றாள்.